நடுக்கட்டம் உதிர்ந்துவிட்டது: கடுக்காய் மையோடு ஆறு வருஷம்

போன வாரம் விடுதித் தோழி ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள். தக்கை அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே கறுப்பு மை, பக்கத்தில் தோல் அட்டை போட்ட நோட்டு. மந்திரக் குறிப்பு எழுதுவதற்கென்றே கையால் செய்ததாம். 1,800 ரூபாய்க்கு விற்றதை இப்போது 1,100க்குக் குறைத்திருக்கிறார்கள். “ஏடி, நீ வீட்டுல காய்ச்சுவியே, அதுதானா இது? வாங்கட்டுமா, இல்ல நானே செஞ்சுக்கட்டுமா?”

அவள் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்னால்தான், அப்பத்தாவின் மந்திரங்களை அந்த மையில் படியெடுத்திருந்த என் நோட்டில், எந்திரமாகப் போட்ட ஒன்பது கட்டத்தின் நடுக்கட்டம் கழன்று மேசையில் விழுந்திருந்தது. யாரும் கிழிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினேன், அவ்வளவுதான். நான் கோடு போட்டிருந்த இடத்திலேயே, பிளேடால் வெட்டியதுபோல நான்கு பக்கமும் அறுந்து, 5 என்ற எண்ணோடு ஒரு சதுரத் துண்டு தனியாக வந்துவிட்டது. எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வர வேண்டிய கட்டம் அது. இப்போது நடுவரிசையைக் கூட்டினால் 10 வருகிறது.

அந்தக் கோபத்தில் அவளுக்கு நீளமாக ஒரு பதில் அனுப்பினேன். இது கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது. முழுக்க ஆறவில்லை.

கடுக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின். இந்த மை இன்னதென்று தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று பெயர் போதும். தெரியாதவர்களுக்கு: அன்னபேதி ஒரு இரும்பு உப்பு; இவை மூன்றையும் சேர்த்துக் காய்ச்சுகிற பழைய முறை எழுத்து மை இது. நோட்டு நானே தைத்தது. நாலு தாளை மடித்தால் 16 பக்கம் ஒரு பாரம். அப்படிப் பத்து பாரம், 160 பக்கம். தேன்மெழுகு தடவிய பருத்தி நூல், முதுகில் பசை கிடையாது, காலிகோ துணி ஒட்டிய அட்டை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தட்டையாக விரிந்து கிடக்கும். தையலில் இந்த ஆறு வருஷத்தில் ஒரு முடிச்சு அவிழவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குச் சண்டை மையோடுதான்.

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். அப்பத்தா சுளுக்குக்கும் பால்கட்டுக்கும் தேள்கடிக்கும் பயந்த பிள்ளைக்கும் மந்திரிப்பார். வெற்றிலை பாக்கு தவிர வேறு எதுவும் வாங்கமாட்டார். கிரகணம் பிடித்தால் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தெரிந்த மந்திரம் அத்தனையும் ஒருமுறை உருவேற்றிவிட்டுத்தான் கரையேறுவார். இல்லாவிட்டால் பலிதம் போய்விடும் என்பார். எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால், தேள் கொட்டினால் நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். அப்பத்தாவும் என் தம்பியைத் தேள் கொட்டியபோது மந்திரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏற்றிவிட்டவர்தான்.

அவர் மந்திரங்களை எழுதி வைத்திருந்தது சித்தப்பா பள்ளிக்கூடத்தில் மிச்சம் வைத்த நாற்பது பக்க ரெட்டைக்கோடு நோட்டில். நீல பால்பாயிண்ட் பேனா. எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். எனக்கு அது போதாது என்று தோன்றியது. இவ்வளவு பெரிய விஷயத்தை இரண்டு ரூபாய் நோட்டிலா வைப்பது, நல்ல தாளில், பழைய முறை மையில், அழகாகப் படியெடுக்க வேண்டும் என்று ஒரு ஆசை. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணம் எங்கள் பக்கம் வளையமாகவே தெரிந்தது. நான் தண்ணீரில் இறங்கவில்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்து, காலை ஒன்பதரை வாக்கில் வெளிச்சம் மங்கியபோது முதல் பக்கத்தில் பேனாவை வைத்தேன்.

முதல் சங்கடம் கடையில் தொடங்கியது. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் பிசினும் கேட்டவரைக்கும் ஒன்றுமில்லை. அன்னபேதி கேட்டதும் “எதுக்கும்மா?” என்றார். வாய் தவறி “மை செய்ய” என்று சொல்லிவிட்டேன். அவர் கை தராசில் நின்றுவிட்டது. “யாருக்கும்மா மை?” நம் ஊரில் மை என்றால் எழுதுவது, கண்ணுக்கு இடுவது, வெற்றிலையில் தடவித் தொலைந்த பொருளைத் தேடுவது, ஆளை மயக்குவது எல்லாம் ஒன்றுதான். எழுதுகிற மை என்று நான் விளக்கிய பிறகும் அவர் என் வீட்டுக்காரரை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார். இந்த ஆறு வருஷத்தில் இது குறையவே இல்லை. எதிர்வீட்டு அக்கா இன்றும் எங்கள் வீட்டில் காபி குடிக்கக் கொஞ்சம் யோசிப்பார்.

சரி, மைக்கு வருகிறேன். அதன் அழகை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். எழுதும்போது பழைய டீத்தண்ணீர் மாதிரி, ஏதோ பொய்யாக எழுதுவதுபோல வெளிறி இருக்கும். வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தால் முதல் சொல் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். பக்கம் முடிவதற்குள் மேல் பாதி கறுத்துவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் அடர்ந்த கறுப்பு. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கடுக்காயின் துவர்ப்பு டானின். இரண்டும் சேர்ந்து முதலில் உண்டாவது வெளிறிய, நீரில் கரைகிற பொருள். அது தாளின் நாருக்குள் இறங்கிய பிறகு காற்றுப் பட்டுக் கரையாத கறுப்பாகிறது. அதனால்தான் காய்ந்த பிறகு தண்ணீர் கொட்டினாலும் எழுத்து நிற்கிறது. 2021இல் மகன் ஒரு டம்ளர் மோரை நோட்டின் மேல் கவிழ்த்தான். தாள் நெளிந்தது, எழுத்து அசையவில்லை. ஆறு வருஷத்தில் நூறு பக்கம் எழுதியிருப்பேன். அது கறுப்பதைப் பார்ப்பது இன்னும் எனக்குச் சலிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை கடுக்காய்க்குப் பதில் மாசிக்காய் போட்டுக் காய்ச்சினேன். பச்சைப் பிள்ளைக்கு உரை மருந்தில் உரைக்கிறோமே, அதே மாசிக்காய்தான். அது காய் இல்லை. ஒருவகைக் குளவி முட்டையிட்டதால் ஓக் மரத்தில் உண்டாகும் வீக்கம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சாசனங்களையும் திருச்சபைப் பதிவேடுகளையும் மந்திரவாதிகளின் ரகசியப் புத்தகங்களையும் எழுதிய மை இந்த வீக்கத்திலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவும் இந்த வகை மையில் எழுதியதே. அந்த ஊர்ச் சூனியக்காரியின் நோட்டும் நம் வீட்டுப் பிள்ளைமருந்துப் பெட்டியும் ஒரே சரக்கில் ஓடுகின்றன என்று தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. மாசிக்காய் மை கொஞ்சம் நீலம் கலந்து, கடுக்காயைவிடச் சுத்தமான கறுப்பாக வருகிறது. விலைதான் கூட.

இப்போது சண்டை.

இரண்டாம் வருஷம் ஒரு பக்கத்தின் பின்புறம் லேசான பழுப்பு தெரிந்தது. எழுத்தின் நிழல் மாதிரி. மை ஊறியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் வருஷம் அந்த நிழல் அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. அது ஊறல் இல்லை, தாள் கருகிக்கொண்டிருக்கிறது. தீயில்லாமல், சத்தமில்லாமல், எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் கருகுகிறது. நான் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் முன்பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கம்தான் பார்ப்பேன். வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்: இவள் நோட்டைத் தலைகீழாகப் படிக்கிறாள் என்று. சென்னை வீட்டில் ஐப்பசி கார்த்திகை ஈரம் ஒவ்வொரு வருஷமும் அதற்குத் தீனி போட்டது. கோடு தடித்த இடம், பேனாவை எடுக்காமல் நிறுத்திய இடம், சுழியின் வளைவில் மை தேங்கிய இடம், இவையெல்லாம் முதலில் போயின. ‘ஓம்’ எழுதிய இடங்களில் சுழிக்குள்ளே ஊசி நுழைகிற ஓட்டை. எந்திரக் கட்டத்தின் கோட்டை மூன்று தடவை அழுத்திப் போட வேண்டும் என்பது அப்பத்தா சொன்ன முறை. மூன்று தடவை போட்டேன். அதற்குப் பலன்தான் மேசையில் விழுந்த 5.

குற்றம் மையுடையதா, என்னுடையதா? இங்கேதான் நான் தடுமாறுகிறேன். காரணம் தெரியாததல்ல. டானினோடு சேராமல் மிஞ்சிய இரும்பு தாளுக்குள் சும்மா இருக்காது. காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து நாரைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டே இருக்கும். மை உண்டாகும்போது பிறக்கும் கந்தக அமிலம் இன்னொரு பக்கம் அரிக்கும். நெதர்லாந்தில் யோஹான் நேவல் என்ற ஆய்வாளர் 1990களில் இதைக் கணக்குப் போட்டார்: மூலக்கூறு எண்ணிக்கையில் டானிக் அமிலம் ஒன்றுக்கு இரும்பு சல்பேட் ஏறக்குறைய 3.6க்கு மேல் போகாவிட்டால் இரும்பு மிஞ்சாது; எடையில் பார்த்தால், டானிக் அமிலம் ஒரு பங்குக்கு அன்னபேதி ஏறக்குறைய 0.6 பங்கு. நான் முதல் குப்பியில் என்ன செய்திருந்தேன்? கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 100 கிராம், அன்னபேதி 50 கிராம், பிசின் 20 கிராம். நூறு கிராம் தோலில் டானின் மொத்தமும் இறங்கினாலும் முப்பது, முப்பத்தைந்து கிராம் தேறும். அப்படியானால் அன்னபேதி பதினெட்டு, இருபது கிராமுக்கு மேல் போயிருக்கக் கூடாது. நான் போட்டது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. (நேவல் சொன்னது சுத்தமான டானிக் அமிலத்துக்கு. கடுக்காயின் டானின் வேறு வகை, அதனால் அப்படியே பொருந்தாது. ஆனாலும் இரண்டரை மடங்கு என்பது ரொம்பவே அதிகம்.)

அதோடு நின்றேனா? பைண்டிங் கடைகளில் மைதா பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராமலிருக்க. அட்டை ஒட்ட நானும் அப்படித்தான் காய்ச்சியிருந்தேன். மிச்சம் இருந்த துத்தத்தில் ஒரு சிட்டிகையை, ராமபாணப் பூச்சி அண்டாது என்று, மையிலும் போட்டேன். துத்தம் தாமிர சல்பேட். தாமிரமும் தாள் சிதைவதை வேகப்படுத்தும். பூச்சி அண்டவில்லை, உண்மைதான். பூச்சிக்குத் தின்ன எதையும் மை மிச்சம் வைக்கவில்லை.

இதெல்லாம் என் தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோபம் போகவில்லை. காரணம், அளவு தப்பினால் அன்றைக்கே முகத்தைக் காட்டுகிற பொருளாக இது இல்லை. உப்பு கூடின குழம்பு முதல் வாயிலேயே சொல்லிவிடும். இந்த மை அன்னபேதி கூடக்கூட முதலில் இன்னும் அழகாகக் கறுக்கும், சீக்கிரமும் கறுக்கும். நான் அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். வினை இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பின்பக்கம் வருகிறது. அந்தக் கடைக்காரர் யாருக்கு மை என்று கேட்டது எனக்குத்தான் போல.

தாளின் பங்கையும் சொல்ல வேண்டும். பருத்திக் கழிவில் செய்த கைமுறைக் காகிதம் பார்க்க நன்றாக இருந்தது. கஞ்சிப் பதம் போதாததால் மை பூனைமீசை மாதிரி நாலா பக்கமும் இழுத்தது. துணியில் கையால் படம் எழுதுகிற கலம்காரிக்காரர்கள் அந்தத் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் முக்கி எடுப்பார்கள். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் பிடித்து நிறுத்தும். அதைத் தாளில் செய்து பார்த்த அறிவாளி நான். கோடு அருமையாக நின்றது. நாலாவது நாள் எறும்பு வரிசை வந்தது, அடுத்த மழைக்குப் புளித்த வாடையும் வந்தது. அப்புறம் நீர்த்த அரிசிக் கஞ்சியைத் துணியால் மெல்லத் தடவி, காயவைத்து, சங்கால் தேய்த்து வழவழப்பாக்கினேன். இது இன்றுவரை நிற்கிறது. அலமாரியில் வசம்புத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

பேனாவில் மூங்கில்தான் சரி. எந்திரம் எழுத மாதுளைக் குச்சி உசத்தி என்பார்கள். உசத்தியாக இருக்கலாம், மை மட்டும் நிற்காது. மூன்று எழுத்துக்கு ஒருமுறை தொட வேண்டும், தாளையும் கீறும். எஃகு நிப்பை ஒரு வருஷத்தில் அரித்துத் துப்பிவிட்டது. நல்ல ஃபவுண்டன் பேனா வைத்திருப்பவர்கள் இந்தக் குப்பி இருக்கிற அறைக்குள்ளேயே அதைக் கொண்டுவர வேண்டாம்.

உதிர்ந்த துண்டோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் ஊரில் அக்கி வந்தால் மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் போவார்கள். அவர் செங்காவியைக் குழைத்து அக்கி மேல் சிங்கம் எழுதுவார். அந்தக் காவி காய்ந்து உதிர உதிர அக்கியும் இறங்கும் என்பது நம்பிக்கை. பக்கத்துத் தெரு பாய் வீட்டில் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதித் தருவார்கள். தண்ணீர் விட்டுக் கழுவிக் குடித்துவிட வேண்டும். பிள்ளையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு சாயங்காலத்துக்குள் கலைந்துவிடும். வாசலில் போடும் கட்டக்கோலம் மறுநாள் காலை இருக்காது. ஓலையில் எழுதியதும் செல்லரிப்பதற்குள் அடுத்த தலைமுறை படியெடுத்தாக வேண்டும். இவர்களில் யாரும் நிற்கிற மை கேட்கவில்லை. கரைவதும் உதிர்வதும் அந்த வேலையின் ஒரு பகுதி. நிற்க வேண்டும் என்று கேட்டவள் நான் ஒருத்தி.

அப்பத்தாவின் ரெட்டைக்கோடு நோட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். தாள் மஞ்சளாகியிருக்கிறது, பின்னில் துரு. நீல எழுத்து லேசாக மங்கியிருக்கிறது, ஒரு எழுத்துகூடப் போகவில்லை. ஒன்பது கட்டம் அதில் முழுசாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

பழுது பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மைதா பசையைக் குழைத்து ஒட்டப் போகாதீர்கள். ஈரம் பட்டால் மிஞ்சிய இரும்பு கரைந்து நல்ல தாளுக்கும் பரவிவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளை வாங்கி, ஸ்டார்ச் பசையை நாக்குக்குத் தெரியாத அளவு தடவி, பாதி காயவிட்டு, பின்பக்கத்தில் வைத்து அழுத்தினேன். 5 திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டது, ஒரு மயிரிழை கோணலாக. சுவடிக்கூடங்களில் இரும்பைக் கட்டிப்போட கால்சியம் பைட்டேட் கரைசலில் தாளை முக்குவார்கள். அந்தப் பைட்டிக் அமிலம் தவிட்டில் நிறைய இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, என் வீட்டுக்காரர் தவிட்டுக் கஞ்சியில் நோட்டை ஊறப்போடலாமே என்றார். மாட்டுக்கு வைப்பதுபோல. அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது காய்ச்சும் அளவு: தோல் 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் மண்சட்டியில் இரவு முழுக்க ஊறி, 400 மில்லியாகச் சுண்ட வேண்டும். இரும்புச் சட்டி கூடாது, அதுவே தன் பங்குக்கு இரும்பைக் கொடுத்துவிடும். வடிகட்டி ஆறிய பிறகு அன்னபேதி 8 கிராம், பிசின் 15 கிராம், பூஞ்சை வராமலிருக்க இரண்டு கிராம்பு. துத்தம் கிடையவே கிடையாது. இந்த மை கறுப்பதற்கு ஒரு நாள் எடுக்கிறது, முன்பு போல மிரட்டவில்லை. 2022 கடைசியில் எழுதிய பக்கங்களின் பின்புறம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் குப்பியும் ஆரம்பத்தில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது, அதனால் நம்பிச் சொல்ல வாய் வரவில்லை.

தோழிக்குக் கடைசியாகச் சொன்னது இதுதான். அந்தக் குப்பியை வாங்காதே; உள்ளே அன்னபேதி எவ்வளவு என்று அவர்கள் எழுதவில்லை, எழுதாத மையை நான் நம்பமாட்டேன். நீயும் காய்ச்சாதே. கடையில் ஒரு நீல பால்பாயிண்ட் பேனாவும் நாற்பது பக்க நோட்டும் வாங்கு, உன் பேத்தி காலம்வரை வரும். ஒரு மணி நேரம் பேசி, மாசிக்காய்க் கதையெல்லாம் சொல்லி, எழுத்து கறுப்பதை வீடியோவும் எடுத்து அனுப்பிவிட்டு இப்படிச் சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அன்னபேதி எந்தக் கடைல கிடைக்கும்?” என்றாள்.

கடைப் பெயரைச் சொன்னேன். இளம்பச்சையாக இருந்தால் வாங்கு, பழுப்பு ஏறியிருந்தால் வேண்டாம், எட்டு கிராமுக்கு மேல் தராசில் வைக்காதே என்றேன். எதற்கென்று கேட்டால் செடிக்கு உரம் என்று சொல்லச் சொன்னேன்.